மைனர் ஆர்பெஜியோ எங்கே இடறுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம் கார்டு; அதன் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது ஆர்பெஜியோ. "ஆர்பெஜியோ வரமாட்டேங்குது சார்" என்று சொல்பவரிடம் என்ன வரவில்லை என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் "ஸ்பீடு" என்பார்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்டால் வேகம்தான் இருப்பதிலேயே சின்னப் பிரச்சினையாக இருக்கும். சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், அல்லது காந்தாரம் (ச-ரி-க-வில் வரும் 'க') தப்பியிருக்கும், அல்லது கிட்டாரே ஸ்ருதியில் இருக்காது. விரலை எங்கே வைப்பது என்பதில் காட்டும் கவனத்தில் கால்வாசியை, எப்போது எடுப்பது என்பதில் காட்டினாலே கீழே உள்ள கோளாறுகளில் பாதி தீரும் என்பது என் கட்சி.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தைத்தான் எடுத்திருக்கிறேன். அதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ மைனர், ஐந்தாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுதான் ஃபிரெட்). முதல் எண் கம்பி (1 மெல்லியது, 6 தடித்தது), இரண்டாவது எண் ஃபிரெட்:

6-5, 6-8, 5-7, 4-7, 3-5, 2-5, 1-5, 1-8

சுரங்கள் வரிசையாக ஏ, சி, ஈ, ஏ, சி, ஈ, ஏ, சி. விரல்கள்: ஆள்காட்டி, சுண்டு விரல், மோதிர விரல், மறுபடி மோதிர விரல், பிறகு ஆள்காட்டியே மூன்று கம்பிக்கும், கடைசியில் சுண்டு விரல். பாட்டு படித்தவர்களுக்கு இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம்: ஏ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இது ச, சாதாரண காந்தாரம், ப. அவ்வளவுதான்.

அறிகுறி: சுரங்கள் ஒட்டிக்கொள்கின்றன, கார்டு அடித்த மாதிரி கேட்கிறது

முதலில் இது கோளாறுதானா என்று பாருங்கள். ஒரு பாட்டுக்குப் பின்னணியாகக் கார்டைப் பிடித்தபடியே கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டுகிறீர்கள் என்றால் ஒலிகள் கலக்கத்தான் வேண்டும், அழகே அதில்தான். நாம் பேசுவது ஒற்றை வரியாக, மெட்டு மாதிரி ஓடும் ஆர்பெஜியோவைப் பற்றி. அதில் அடுத்த சுரம் பிறக்கும்போது முந்தையது நின்றிருக்க வேண்டும்.

சோதனை இது. 3-5 வாசித்து, 2-5 வாசித்து, வலது கையை நிறுத்துங்கள். இப்போது வலது கை விரலால் இரண்டாவது கம்பியை மட்டும் லேசாகத் தொட்டு அடக்குங்கள். முழு அமைதி வந்தால் நல்லது. ஏதாவது இன்னும் ஒலித்தால் அது மூன்றாவது கம்பி. நீங்கள் அதை விடவே இல்லை. இதைச் செய்து பார்க்காமல் "எனக்கு ஒட்டவில்லை" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. தொடர்ந்து வாசிக்கும்போது காது புது சுரத்தை மட்டும்தான் கவனிக்கும்.

பெரும்பாலான காரணம் பார் கார்டு பழக்கம். ஐந்தாவது ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு ஏ மைனர் கார்டு பிடித்துப் பிடித்து, அந்த இடத்துக்கு வந்தாலே விரல் தானாகப் படுத்துக்கொள்கிறது. 3, 2, 1 மூன்று கம்பிகளும் ஒரே நேரத்தில் அழுந்தியிருக்கும்போது அவை தனித்தனியாக நிற்க வழியே இல்லை.

மருந்து, விரலை உருட்டுவது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் கட்டைவிரலை மையில் தொட்டுக் காகிதத்தில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருட்டி எடுப்பார்கள் இல்லையா, ஏறக்குறைய அதே அசைவுதான். இங்கே பக்கவாட்டில் உருட்டாமல் நுனியிலிருந்து சதை நோக்கி உருட்டுகிறோம். மூன்றாவது கம்பியை விரல் நுனியால் அழுத்துங்கள், முதல் மூட்டு வளைந்திருக்கட்டும். இரண்டாவது கம்பிக்குப் போகும்போது விரலைத் தூக்காதீர்கள். மூட்டைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். அழுத்தம் நுனியிலிருந்து சதைக்கு இறங்கும். நுனி இன்னும் மூன்றாவது கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் அழுத்தாது. அந்தத் தொடுகைதான் ஒலியை நிறுத்துகிறது. முதல் கம்பிக்கு இன்னும் கொஞ்சம் நிமிர வேண்டும். மொத்த அசைவும் சில மில்லிமீட்டர்தான். தள்ளி நின்று பார்ப்பவருக்கு விரல் அசைந்ததே தெரியக்கூடாது.

இறங்கும்போது இதன் தலைகீழ்: சதையில் தொடங்கி நுனிக்கு வர வேண்டும். ஏறுவதை மட்டும் பழகிவிட்டு, இறங்கும்போது மறுபடி படுத்துக்கொள்ளும் விரல்களை நிறையப் பார்க்கிறேன். ஆகவே இறங்குவதை முதலில் பழகுங்கள் என்று சொல்வேன். தாளம் தட்டும் மெட்ரோனோமை 60-இல் (நிமிடத்துக்கு 60 அடி) வைத்து, அடிக்கு ஒரு சுரமாக 2-5, 3-5 மட்டும். அப்புறம் 1-5, 2-5. அப்புறம் மூன்றும். ஒவ்வொன்றிலும் மேலே சொன்ன அடக்கும் சோதனை. அலுப்பாகத்தான் இருக்கும். அலுப்பு வரும் இடத்தில் தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். இந்த ஒரு பயிற்சிக்கு அது சரிப்படாது, காது வேண்டும்.

5-7, 4-7 இரண்டும் மோதிர விரலுக்கு வருகின்றன. அங்கே உருட்டுவது கஷ்டம், ஏனென்றால் அந்த விரலின் கடைசி மூட்டைத் தனியாக ஆட்டி நமக்குப் பழக்கமில்லை. வரவே மாட்டேன் என்றால் 5-7-ஐ நடுவிரலாலும் 4-7-ஐ மோதிர விரலாலும் எடுங்கள். மிதமான வேகம் வரை இது தாராளமாகப் போதும். இதைக் குறுக்கு வழி என்று முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் உண்டு. கேட்பவர் காதுக்கு எந்த விரல் என்று தெரியாது.

இன்னொரு காரணம் தடித்த கம்பிகள். 6-8-லிருந்து சுண்டு விரலை வெடுக்கென்று எடுத்தால் ஆறாவது கம்பி தானாக முனகும். வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் கம்பிகள் வந்து முடியும் கட்டைக்கு) பக்கத்தில், நீங்கள் கடந்து வந்த தடித்த கம்பிகள் மேல் லேசாகப் படிந்திருக்கட்டும். மேலே ஏற ஏறக் கையும் கூடவே நகர வேண்டும். இறங்கும்போது மெல்லிய கம்பிகளை அடக்குவது இடது ஆள்காட்டியின் அடிப்பகுதி வேலை. அக்கூஸ்டிக்கில் இதெல்லாம் பாதி மறைந்துவிடும். கல்லூரி கல்ச்சுரல்ஸில் எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்பில் மாட்டி டிஸ்டார்ஷனைத் திருகும் அன்றுதான் எல்லாம் வெளியே வரும்.

அறிகுறி: ஒரே ஒரு சுரம் மட்டும் மந்தமாக, தட்டையாக விழுகிறது

அது 4-7 ஆக இருக்கும். உருட்டும்போது விரல் ஃபிரெட் கம்பியை விட்டுப் பின்னால் விலகிவிடுகிறது. 5-7-ஐ அழுத்தும்போதே ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போலத் தொடங்கினால், உருண்ட பிறகும் நல்ல இடத்திலேயே இருக்கும். மந்தமாவது 1-8 என்றால் சுண்டு விரல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

அறிகுறி: எல்லாம் சுத்தமாக விழுகிறது, ஆனால் மைனர் மாதிரி இல்லை

ஏ மேஜருக்கும் ஏ மைனருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சுரம். மைனரில் ச-விலிருந்து மூன்று ஃபிரெட் தள்ளி காந்தாரம், மேஜரில் நான்கு. பஞ்சமம் இரண்டிலும் ஒன்றே, ஏழு ஃபிரெட் தள்ளி. ஆகவே தப்பு நடக்கக்கூடிய இடங்கள் மூன்றுதான்: 6-8, 3-5, 1-8. இவை 6-9, 3-6, 1-9 ஆகிவிட்டால் மேஜர்.

ஆறாவது கம்பியில் யாரும் தப்புவதில்லை. தப்புவது 3-5. மேஜர் பார் கார்டில் நடுவிரல் விழும் இடம் 3-6. கை அந்த ஞாபகத்தில் போய்விடுகிறது. சுருதிப் பெட்டியிலோ மொபைல் தம்பூராவிலோ ஏ-யைப் போட்டுவிட்டு, 3-5-ஐ வாசித்து, அதே சுரத்தைக் கூடவே பாடுங்கள். பிறகு 3-6 வாசித்துப் பாடுங்கள். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள வேறுபாடு தொண்டைக்குத் தெரிந்துவிட்டால் விரல் தானாகத் திருத்திக்கொள்ளும். "எனக்குப் பாட வராது" என்று தயங்க வேண்டாம், முனகினால் போதும்.

சுரங்கள் சரியாக இருந்தும் சோகம் வரவில்லை என்றால் பின்னால் ஓடும் கார்டைக் கவனியுங்கள். ஏ, சி, ஈ மூன்றையும் சி மேஜர் கார்டின் மேல் வாசித்தால் அது சி சிக்ஸ்த் நிறம் எடுக்கும். எஃப் மேஜரின் மேல் வாசித்தால் எஃப் மேஜர் செவன்த் ஆகிவிடும். இரண்டுமே இனிமையானவை, ஆனால் நீங்கள் தேடிய மைனர் அங்கே இருக்காது. நண்பர் சி பிடித்துக்கொண்டு "நீ ஏ மைனர் போடு" என்று சொல்லும்போது நடப்பது இதுதான்.

அறிகுறி: டியூனர் பச்சை காட்டுகிறது, காது ஒத்துக்கொள்ளவில்லை

வயலினோ வாய்ப்பாட்டோ படித்துவிட்டு வருபவர்கள் இதைச் சொன்னால் அவர்கள் காதைக் குறை சொல்லாதீர்கள். கிட்டாரின் ஃபிரெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்தவை. அந்தக் கணக்கில் மைனர் காந்தாரம் 300 சென்ட் (ஒரு ஃபிரெட்டுக்கு 100 சென்ட்). ஆறுக்கு ஐந்து என்ற இயற்கையான விகிதத்தில் வரும் காந்தாரமோ ஏறத்தாழ 316 சென்ட். ஆக, கிட்டாரின் காந்தாரம் ஒரு மயிரிழை தாழ்வாகத்தான் இருக்கும், தம்பூரா ஒலிக்கும்போது அது துல்லியமாகத் தெரியும். பஞ்சமத்தில் வித்தியாசம் இரண்டே சென்ட். அங்கே யாருக்கும் உறுத்தாது. காந்தாரத்தைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியோ, கம்பியை இம்மி பக்கவாட்டில் தள்ளியோ நிறுத்திச் சுவைக்கலாம். கூட கீபோர்டு இருந்தால் வேண்டாம், இரண்டும் மோதும்.

காந்தாரம் தாழ்வாக இல்லாமல் ஏறிப்போய்க் கேட்டால் காரணம் வேறு. சுண்டு விரல் எட்டாமல் கம்பியை இழுத்து வைத்திருக்கும், அல்லது தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள். கம்பி ஒலிக்கும் அளவுக்கு எவ்வளவு குறைவாக அழுத்தினால் போதும் என்று தேடிப் பாருங்கள். ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் கிட்டாரைச் சோதியுங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஹார்மோனிக் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) எடுத்து, அதே ஃபிரெட்டை அழுத்தியும் வாசியுங்கள். இரண்டும் டியூனரில் ஒரே இடம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் முதலில் கம்பிகளை மாற்றிப் பாருங்கள், துருப்பிடித்த பழைய கம்பிகளே பாதி வழக்குகளில் குற்றவாளி.

அறிகுறி: ஏற்காட்டில் ஒரு மாதிரி, சேலத்தில் ஒரு மாதிரி

சேலத்துக்காரர்களுக்கென்றே உள்ள வியாதி. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் கீழே. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் காற்று ஏழெட்டு டிகிரி குளிர்ந்துவிடுகிறது. மேட்டு நிலத்தில் எஃகுக் கம்பி சுருங்கி இறுகும், ஸ்ருதி ஏறும். திரும்பக் கீழே இறங்கினால் தளர்ந்து, ஸ்ருதி இறங்கும். ஆறு கம்பிகளும் ஒரே அளவில் மாறுவதில்லை என்பதால் தனித்தனிக் கம்பி பரவாயில்லை போலத் தோன்றும், ஆர்பெஜியோ வாசித்தால் மட்டும் கோணலாகத் தெரியும். ஏனென்றால் அதில் ஒவ்வொரு கம்பியும் அடுத்த கம்பியோடு ஒப்பிடப்படுகிறது. போய்ச் சேர்ந்ததும் உறையைத் திறந்து, அரை மணி நேரம் கிட்டாரைச் சும்மா விட்டுவிட்டு அப்புறம் ஸ்ருதி சேருங்கள். இறங்கியவுடன் சேர்த்தால் மறுபடி சேர்க்க வேண்டிவரும்.

வெப்பம் கம்பியைத் தொடுகிறது, ஈரம் மரத்தைத் தொடுகிறது. அது மெதுவான வேலை, நாள்கணக்கில் நடக்கும். மழை மாதங்களில் மஞ்சு இறங்கி நிற்கும் ஏற்காட்டில் வாரக்கணக்கில் இருக்கும் கிட்டாரின் மேல்பலகை ஈரம் குடித்து உப்பும். பிரிட்ஜ் உயரும், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளி கூடும். முன்பு சுலபமாக உருண்ட விரல் இப்போது உருளாது; "பயிற்சி குறைந்துவிட்டது" என்று உங்களையே நொந்துகொள்வீர்கள். சேலத்து ஏப்ரலில் இது தலைகீழ். மரம் காயும், மேல்பலகை இறங்கும், கம்பி ஃபிரெட்டில் உரசி 'ஸ்ஸ்' என்று இரையும். ஃபிரெட் முனைகள் கழுத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறினால் மரம் காய்ந்துவிட்டது என்று உறுதி.

இரைச்சல் வந்தால் அது எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். 5-7-இல் மட்டும் இரைந்து 5-6, 5-8 சுத்தமாக இருந்தால், எட்டாவது ஃபிரெட் கொஞ்சம் எழும்பியிருக்கிறது என்று பொருள். அதைத் தட்டவோ தேய்க்கவோ பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், வீட்டில் அரத்தை எடுக்காதீர்கள். ஆறு கம்பிகளிலும் பரவலாக இரைந்தால் அது கழுத்தின் வளைவோ ஆக்‌ஷனோ. ஆக்‌ஷன் என்பது கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளி. பெரும்பாலும் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்றுத் திருப்புவதில் முடியும் வேலை. பருவம் மாறும்போது ஒருமுறை இதைப் பார்த்துக்கொள்வது போதும்.

கிட்டாரைக் காரின் டிக்கியில் போட்டுவிட்டு சேலம் ஐந்து ரோடு பக்கம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் பசை இளகி, பிரிட்ஜ் பெயர்ந்து வரும். அதற்கு எந்தப் பயிற்சியும் மருந்தில்லை.

அறிகுறி: மெதுவாக வாசித்தால் சரி, வேகத்தில் உடைகிறது

எங்கே உடைகிறது என்று மொபைலில் பதிந்து, வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்கள். இரண்டு இடங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று 6-8-லிருந்து 5-7: சுண்டு விரலிலிருந்து பக்கத்து மோதிர விரலுக்கு மாறுவது, இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மற்றொன்று 4-7-லிருந்து 3-5. உடையும் இடத்தைச் சுற்றி மூன்றே சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 6-8, 5-7, 4-7. அல்லது 4-7, 3-5, 2-5. அதை மட்டும் வட்டமாக ஓட்டுங்கள், 60-இல் அடிக்கு இரண்டு சுரம். சுத்தமாக வந்தால் நான்கு நான்காக ஏற்றலாம். உடைந்தால் நான்கு குறைக்காதீர்கள், பத்துப் பன்னிரண்டு குறையுங்கள். விளிம்பிலேயே நின்று பழகினால் விளிம்பின் பதற்றம்தான் பழகும்.

ஒவ்வொரு முறையும் முதல் சுரத்திலிருந்து தொடங்கி, உடைந்ததும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு முதல் நான்கு சுரங்கள் பிரமாதமாக இருக்கும். கடைசி நான்கு அநாதை.

பிக்கையும் (கம்பியை மீட்டும் வில்லை) கவனிக்க வேண்டும். கம்பிக்கு ஒரு சுரம் என்று ஓடும் இடத்தில் கீழ்-மேல்-கீழ்-மேல் என்று மாற்றி மாற்றி அடித்தால் பிக் ஒவ்வொரு கம்பியையும் தாண்டிக் குதிக்க வேண்டும். அதைவிட 5-7 முதல் 1-5 வரை ஐந்து கம்பிகளையும் ஒரே கீழ்த் தள்ளலில் கடப்பது சுலபம்: ஒரு கம்பியை மீட்டிய பிக் அடுத்த கம்பியின் மேல் போய் அமரும், அங்கிருந்தே அடுத்த சுரம். ஐந்து அடிகள் என்று நினைக்காதீர்கள், ஒரே அடி ஐந்து இடத்தில் நின்று போகிறது. மேலே 1-8-ஐ ஹேமர்-ஆனாகவும் (பிக் இல்லாமல் இடது விரலால் தட்டி), திரும்பும்போது 1-5-ஐ புல்-ஆஃபாகவும் (இடது விரலை இழுத்து எடுத்து) எடுத்தால், பிக் திசை திரும்ப நேரம் கிடைக்கும். இரண்டு முறையுமே சரிதான். ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள். தினம் ஒரு முறையில் அடிப்பவர்களுக்குத்தான் வேகம் வருவதே இல்லை.

அறிகுறி: தாளம் நழுவுகிறது

இதில் வாசிப்பவர் மேல் தப்பே இல்லாத ஒரு வகை உண்டு. மேலே எட்டு சுரம் ஏறி, உச்சியையும் அடியையும் இரண்டாம் முறை வாசிக்காமல் இறங்கினால் ஆறு. மொத்தம் பதினான்கு. அடிக்கு இரண்டு சுரம் என்றால் ஏழு அடியில் முடிந்துவிடும். நான்கு நான்காக எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இரண்டாவது சுற்றைத் தொடங்கும்போது ஒரு அடி முன்னாலேயே நிற்பார்கள். மூன்றாவது சுற்றில் மொத்தமாகத் தொலைந்துபோவார்கள். நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது மிஸ்ரம் (ஏழு), எண்ணிக்கொண்டிருப்பது சதுஸ்ரம் (நான்கு). உச்சி சுரத்தையும் அடி சுரத்தையும் இரண்டிரண்டு முறை வாசியுங்கள்: பதினாறு சுரம், எட்டு அடி, ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் (முழுச் சுற்று) கச்சிதமாக உட்காரும். இல்லை, ஏழாகவே எண்ணுங்கள், அதுவும் அழகுதான்.

மூன்று சுரக் குழுவை இயல்பாக உணர திஸ்ர நடைதான் (அடிக்கு மூன்று சுரம்) சிறந்த வழி. வாயால் 'தகிட, தகிட' என்று சொல்லிக்கொண்டே ஏ-சி-ஈ, ஏ-சி-ஈ. ஒவ்வொரு அடியிலும் ஏ விழும். கடைசிக் குழு முழுமையாக வேண்டும் என்றால் 1-8-க்குப் பிறகு 1-12-க்குச் சறுக்கிப் போங்கள், அங்கே ஈ இருக்கிறது. ஒன்பது சுரம், மூன்று அடி. அது பழகிய பிறகு அதே சுரங்களை 'தகதிமி'யில், அதாவது நான்கு நான்காக, போட்டுப் பாருங்கள். அழுத்தம் ஏ, சி, ஈ என்று சுரம் மாறி விழும், பன்னிரண்டு சுரத்துக்கு ஒருமுறைதான் ஏ-யில் சேரும்.

சேலம் அம்மாப்பேட்டை மாதிரி தறி ஓடும் தெருவில் வீடு இருந்தால் இன்னொரு சிக்கல்: தறிக்கு என்று ஒரு தாளம் இருக்கிறது, மெட்ரோனோமைவிட அது சத்தமானது, கை அதன் பின்னால் போய்விடும். இயர்போனில் கேளுங்கள், அல்லது விளக்கு மின்னும் மெட்ரோனோம் செயலியை வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கை வலிக்கிறது

ஆள்காட்டிக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே மூன்று ஃபிரெட் விரிவு. வழக்கமான 648 மில்லிமீட்டர் அளவுள்ள கிட்டாரில் ஐந்தாவது ஃபிரெட்டிலிருந்து எட்டாவது ஏறத்தாழ 77 மில்லிமீட்டர். அதே உருவத்தை ஒன்பதாவது ஃபிரெட்டில் சி ஷார்ப் மைனராக வாசித்தால் 61 மில்லிமீட்டர்தான். சின்னக் கைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அங்கே தொடங்கி, கை தளர்ந்த பிறகு வாரம் ஒரு ஃபிரெட்டாக இறங்கி வரலாம். கட்டைவிரல் கழுத்தின் மேலே எட்டிப் பார்க்காமல் பின்புறம் நடுவில் இருக்கட்டும். தசை சோர்வு ஓய்வெடுத்தால் போய்விடும். விரல் மரத்துப்போனாலோ, மணிக்கட்டில் சுரீரென்று இழுத்தாலோ கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: பயிற்சியில் வருகிறது, பாட்டில் வரவில்லை

எப்போதும் ஏ-யில் தொடங்கி ஏறி இறங்கியே பழகியிருப்பீர்கள். பாட்டு உங்களை ஏ-யில் தொடங்க விடாது. கார்டு மாறும் நொடியில் விரல் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து அடுத்த கார்டின் மிக அருகிலுள்ள சுரத்துக்குப் போகத் தெரிய வேண்டும்.

மூன்று மெல்லிய கம்பிகளில் மட்டும் தொடங்கலாம். ஏ மைனர்: 3-5, 2-5, 1-5. இதிலிருந்து டி மைனருக்குப் போக முதல் கம்பியைத் தொடவே வேண்டாம், ஏ இரண்டுக்கும் பொது. ஈ ஒரு ஃபிரெட் ஏறி எஃப் ஆகிறது, சி இரண்டு ஃபிரெட் ஏறி டி ஆகிறது: 3-7, 2-6, 1-5. திரும்ப ஏ மைனருக்கு வந்து, அங்கிருந்து ஈ மைனர்: 3-4, 2-5, 1-3. இப்போது நடுக் கம்பி அசையாது, மற்ற இரண்டும் இறங்கும். நகர வேண்டியதை மட்டும் நகர்த்துவது, இருப்பதை இருக்க விடுவது. ஒவ்வொரு கார்டிலும் திஸ்ரத்தில் நான்கு அடி வாசித்து மாறுங்கள்.

அது வந்தபின் முழு உருவங்களுக்குப் போகலாம். டி மைனர் ஐந்தாவது கம்பியிலிருந்து: 5-5, 5-8, 4-7, 3-7, 2-6, 1-5. அதையே இரண்டு ஃபிரெட் தள்ளி வைத்தால் ஈ மைனர்: 5-7, 5-10, 4-9, 3-9, 2-8, 1-7. ஏ மைனர், டி மைனர், ஈ மைனர் மூன்றும் சேர்ந்தால் நடபைரவி ராகத்தின் சுரங்கள் எல்லாமே வந்துவிடும். ஈ மைனருக்குப் பதில் ஈ மேஜர் போட்டால், அதாவது 5-10 ஐ 5-11 ஆகவும் 2-8 ஐ 2-9 ஆகவும் மாற்றினால், கீரவாணி ராகம். ஒரே ஒரு நிஷாதம் ('நி') ஏறியதும் மொத்த மனநிலையும் திரும்புவதைக் கேட்கலாம். நண்பர் யாராவது கார்டு பிடிக்கட்டும், இல்லையென்றால் நீங்களே மொபைலில் நான்கு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். காந்தாரத்தில் தொடங்கி ஒருமுறை, பஞ்சமத்தில் தொடங்கி ஒருமுறை, கார்டு மாறும் நொடியில் புதுக் கார்டின் காந்தாரத்தில் போய் இறங்கும்படி ஒருமுறை. கடைசியாகச் சொன்னதில் கார்டு மாற்றத்துக்கு ஒரு அடி முன்பே எங்கே இறங்கப் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்த அடியில் வாசிக்காமல் நிறுத்திவிட்டு, மாறிய பிறகு காந்தாரத்தை மட்டும் வையுங்கள்.